தறிச் சத்தத்துக்கு நடுவில் பிசியும் பிஎஸ்5-உம்

"அண்ணா, பிசி கட்டலாமா, இல்ல பிஎஸ்5 வாங்கிரலாமா?" சொந்தத்தில் எந்தப் பையனுக்காவது வேலை கிடைத்து முதல் போனஸ் வந்துவிட்டால் போதும், கேம் விளையாடக் கம்ப்யூட்டரா, டிவியில் செருகுகிற சோனி பிளேஸ்டேஷன் 5 கன்சோலா என்கிற இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். என்னிடம் இரண்டும் இருக்கிறது, இரண்டிலும் விளையாடுகிறேன், அதனால் ஒருபக்கமாகப் பேசமாட்டேன் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் நான் திருப்பிக் கேட்பது பட்ஜெட்டையோ கிராபிக்ஸ் கார்டையோ அல்ல. வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா, டிவி எந்த ரூமில் இருக்கிறது, பக்கத்தில் தறியோ மில்லோ ஓடுகிறதா, பொழுதோட வீட்டில் எத்தனை பேர் இருப்பீர்கள், இதைத்தான் கேட்பேன். யூடியூபில் பார்க்கிற ஒப்பீடுகள் எல்லாம் ஏசி ரூமில், வோல்டேஜ் ஆடாத ஊரில், ஒற்றை ஆளாக உட்கார்ந்து விளையாடுகிறவர்களுக்காக எடுத்தவை. சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அதில் பாதி பொருந்தாது.

எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்குடோன். அப்பா இன்னும் தறி ஓட்டுகிறார், நான் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை, ராத்திரி தறி நின்றால்தான் விழிப்பு வரும். அதனால் ஃபேன் சத்தம் அதிகமா குறைவா என்று யாராவது பேசினால் எனக்குச் சிரிப்புதான் வரும். பஞ்சு மட்டும் அப்படி இல்லை.

எங்கள் பக்கம் ஓடுவது பெரும்பாலும் காடாத் துணி. பாவு நூலுக்கு சைசிங்கில் கஞ்சி போட்டுத்தான் தறிக்கு வரும். தறி அடிக்க அடிக்க அந்தக் கஞ்சி பொடியாக உதிரும், கூடவே நூலின் ரோமமும் பறக்கும். ஜன்னலைச் சாத்தினாலும் ஓட்டு இடுக்கில் வந்துவிடும். அதுவும் ஆனி ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டால் குடோனில் இருப்பது முழுக்க வீட்டுக்குள்தான். நான் பிஎஸ்5-க்கு முந்தின கன்சோலான பிஎஸ்4 ஸ்லிம் வாங்கி ஆசாரத்தில், அதாவது ஹாலில், டிவிக்குக் கீழே, கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேசுக்குள் வைத்திருந்தேன், தூசி வராது என்று. வருஷம் ஆவதற்குள் கேம் போட்டாலே ஃபேன் அலற ஆரம்பித்தது. தறிச் சத்தத்தைத் தாண்டி அது கேட்டது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். வாரண்டி முடிகிற வரை பொறுத்திருந்து, நட்சத்திரத் தலை ஸ்க்ரூவுக்கு ஒரு டிரைவர் வாங்கிக் கழற்றிப் பார்த்தால், காற்று வெளியே போகிற தகடுகளின் முன்னால் பஞ்சு ஒரே விரிப்பாகப் படிந்திருந்தது. வெளியே வெள்ளையாகப் பறக்கிற பஞ்சு, கஞ்சிப் பொடியும் ஈரமும் சேர்ந்து சாம்பல் நிறமாகி இறுகிப்போயிருந்தது. சாமணத்தில் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், கிழியாமல் முழுசாக வந்தது, பவானி ஜமுக்காளம் மாதிரி நான்காக மடித்து வைக்கலாம் போல. அதை எடுத்துவிட்டு, சிப்பின் சூட்டைக் கடத்துகிற பேஸ்டையும் மாற்றி மூடியதும் பழைய அமைதி வந்துவிட்டது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கன்சோல் மோசம் என்பதல்ல. கண்ணாடி ஷோகேஸ்தான் மோசம். தூசி எப்படியும் உள்ளே போகும், சூடு மட்டும் வெளியே வராது. பிஎஸ்5-க்கு 5 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் ஓட்டச் சொல்லி அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. சித்திரையில் நம் ஊரில் வெளியே 38-ஐத் தாண்டும், ஓட்டு வீட்டுக்குள்ளும் பெரிதாகக் குறையாது. மூடிய பெட்டிக்குள் வைத்தால் எவ்வளவு ஏறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் திறந்திருக்கிற இடத்தில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வையுங்கள், பஞ்சு தரையோடுதான் அதிகம் உருளும்.

சுத்தம் பண்ணுவதில் பிஎஸ்5 பிஎஸ்4-ஐ விட ரொம்பத் தேவலை. பக்கவாட்டு வெள்ளைத் தகடுகளை டிரைவரே இல்லாமல் கழற்றலாம், தூசி சேர்வதற்கென்றே உள்ளே இரண்டு துளை வைத்திருக்கிறார்கள், வாக்குவம் கிளீனரை அதில் வைத்து உறிஞ்சினால் ஆயிற்று. அதற்கு மேல் உள்ளே போகாதீர்கள். மெயின் சிப்புக்கு மேலே பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் வைத்திருக்கிறார்கள், அது கரண்டைக் கடத்தும், சிந்தினால் போர்டு போய்விடும். செல்போன் சர்வீஸ் கடையில் "சர்வீஸ் பண்ணித் தர்றங்க" என்று சொன்னாலும் அதை முன்னாடி கழற்றிய ஆளா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பிசி இந்த விஷயத்தில் ராஜா. பக்கவாட்டு மூடியைத் திறந்து, குடோனில் இருக்கிற புளோயரை எடுத்து அடித்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஒன்றே ஒன்று, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும், காற்றில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். அப்புறம் நான் கண்டுபிடித்த ஒரு வேலை. கேபினெட்டோடு வருகிற தூசி வலை நம் ஊர்ப் பஞ்சுக்குப் பத்தாது. திருப்பூரில் ஸ்போர்ட்ஸ் ஜெர்சி தைக்கிற கம்பெனியில் கட்டிங் வேஸ்டாகப் போகும் மெஷ் துணி கொஞ்சம் வாங்கி வந்து, காற்று உள்ளே போகிற பக்கம் முழுக்கப் போர்த்தி, ஓரத்தில் சின்னக் காந்தம் வைத்துப் பிடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கழற்றி உதறிவிட்டுத் திரும்ப மாட்டுவது. சூடு ஓரிரு டிகிரி ஏறும், ஆனால் உள்ளே பஞ்சு அடைகிறது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்றபோது அந்த மெஷ் வாரக்கணக்கில் வெள்ளையாகவே இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நிலைமையில் வீட்டில் யாரும் இல்லை என்பது வேறு கதை.

பஞ்சுக்கு அடுத்தது கரண்டு. 2012-ல் கரண்டே இல்லாமல் கிடந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இப்போது இருப்பது சொர்க்கம், சரி. ஆனாலும் மாசம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையில் போனால் சாயங்காலம்தான் வரும், அது முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும், பிரச்சினை இல்லை. பிரச்சினை, சொல்லாமல் ஐந்து நொடி போய்விட்டு வருகிற கரண்டு. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் லைட் ஒருமுறை மங்கி எழும், அந்த நேரம் பார்த்துப் பிசி ரீஸ்டார்ட் ஆகும். பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று இப்படி அணைந்து அணைந்தே பேட் செக்டார் விழுந்து செத்தது.

பிசிக்கு யுபிஎஸ் கட்டாயம், கரண்டு போன நொடியே பேட்டரியில் தாங்கிப் பிடிக்கிற பெட்டி அது. வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று அதிலேயே ஓட்டாதீர்கள். கரண்டு போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்கிற இடைவெளியிலேயே நிறைய பிசி அணைந்துவிடும், அதுவும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் பிசிக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் அதை விரும்பாது. கடையில் மலிவாக 600 விஏ யுபிஎஸ் ஒன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அது போதும், கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு இழுக்கிற இழுப்புக்குக் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். 1,000 விஏ-வாக எடுங்கள். யுபிஎஸ் இருக்கிறது என்று விளையாட்டைத் தொடரக் கூடாது, சேவ் பண்ணி அணைக்கத்தான் அந்த நேரம்.

பிஎஸ்5 கரண்டு போனால் அணைந்துவிட்டு, திரும்பப் போடும்போது ஒழுங்காக அணைக்கவில்லை என்று ஒரு திட்டுத் திட்டி, ஸ்டோரேஜைச் சரிபார்த்துவிட்டு எழுந்துவிடும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ராத்திரி ரெஸ்ட் மோடில் போட்டு டவுன்லோடு ஓடவிட்டுத் தூங்கி, விடியற்காலம் கரண்டு போய் வந்து, காலையில் ஆரஞ்சு விளக்குக்குப் பதில் ஒன்றும் எரியாமல் இருப்பதைப் பார்க்கும்போது வயிற்றில் ஒரு கலக்கம் வரும் பாருங்கள். அதனால் இப்போது பிஎஸ்5-க்கும் டிவிக்கும் சேர்த்து இன்னொரு யுபிஎஸ் போட்டுவிட்டேன். விலை ஒப்பிடும்போது இந்தச் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வோல்டேஜ் குறைவதை விட ஏறுவதுதான் பயம். ஒரு மழைநாளில் தென்னை மட்டை லைன் மேல் விழுந்து நியூட்ரல் அறுந்தது. நியூட்ரல் போனால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 300-க்கு மேலேயும் வரும். எங்கள் வீட்டில் மானிட்டர் அடாப்டரும் செட்டாப் பாக்ஸும் போனது, பிஎஸ்4 பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்ததால் தப்பியது. மெயினில், வோல்டேஜ் ஏறினால் துண்டித்துவிடுகிற ஹை-கட் வேலை செய்கிற ஸ்டெபிலைசரோ வோல்டேஜ் புரொடெக்டரோ மாட்டுவதற்கு ஆகிற செலவு ஒரு கேமின் விலைதான். நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அன்றைக்கே எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பிசி கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று நிறைய பேர் பிசியைத்தான் குறை சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிற ஃபில்டர் கொஞ்சம் கரண்டை உடம்புத் தகட்டுக்குக் கசியவிடும், எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் உங்கள் கைக்கு வரும். எங்கள் வீட்டில் எர்த் குழி எல்லாம் இருந்தது, பங்குனி வெயிலில் மண் காய்ந்து அது சும்மா பெயருக்குத்தான் இருந்தது. இரண்டு குடம் தண்ணி ஊற்றியதும் சுர்ரு நின்றுவிட்டது. இப்போது வெயில் காலத்தில் செடிக்குத் தண்ணி விடும்போது எர்த் குழிக்கும் அம்மாவே விட்டுவிடுவார்.

கரண்ட் பில் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் முதல் சண்டை அதில்தான் வரும். என் பிசி மானிட்டரோடு கேம் ஓடும்போது 350 வாட் சுற்றி இழுக்கிறது. பிஎஸ்5 200 சுற்றி, ஆனால் 55 இன்ச் டிவி தனியாக 100 இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாச பில்லில் ஒன்று 42 யூனிட், மற்றது 36 யூனிட். பெரிய வித்தியாசமே இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், அது நமக்குத் தெரியும், தெரியாதது என்னவென்றால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கே விலை மாறிவிடும். 480-ல் நிற்கிற வீட்டில் நீங்கள் சேர்க்கிற 40 யூனிட் பில்லைத் தாவ வைக்கும், பழி கேம் மேல் விழும். அதற்கு ஒரு வழி, பிசியில் படம் நொடிக்கு 60 பிரேமுக்கு மேல் போகாமல் பூட்டிவிடுவது. டிரைவர் செட்டிங்கிலேயே செய்யலாம், வாட்டும் குறையும், சூடும் குறையும். தறிக்கு இரண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் இலவசம் இருக்கிறதே, குடோனிலிருந்து ஒரு வயர் இழுத்துக்கொள்ளலாமே என்று ஒரு மச்சான் கேட்டான். அது வேற சர்வீஸ், வேற டேரிஃப், பிடித்தால் அபராதம், அப்பா மானம் போய்விடும். அந்த யோசனையே வேண்டாம்.

சரி, மெஷினைக் காப்பாற்றுகிற கதை போதும். யார் விளையாடப் போகிறார்கள்?

எங்கள் பக்கம் நோம்பி, அதாவது திருவிழா, என்றால் வீடு நிறைய ஒரம்பரை, சொந்தக்காரர்கள். மாரியம்மன் நோம்பிக்கு மாமன் பசங்க, சின்னம்மா பசங்க, அவர்கள் குழந்தைகள் எல்லாம் சேர்ந்தால் ஆசாரத்தில் உட்கார இடம் இருக்காது. அந்த நேரத்தில் என் ரூமில் இருக்கிற பிசியைச் சீண்ட ஆளில்லை. பிஎஸ்5-ல் கால்பந்தோ டெக்கன் என்கிற சண்டை கேமோ போட்டுவிட்டு இரண்டு கன்ட்ரோலரை நடுவில் வைத்தால் தோற்றவன் எழுந்து கொடுக்க, அடுத்தவன் உட்கார, சோறுண்ண அம்முச்சி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோகும். எனக்குத் தெரிந்து கன்சோலின் மொத்த நியாயமும் அந்த ஆசாரத்தில்தான் இருக்கிறது. பிசியிலும் கன்ட்ரோலர் செருகி டிவியில் போடலாம், செய்யலாம்தான், ஆனால் விண்டோஸ் அப்டேட் வந்து நிற்கும், சவுண்ட் டிவிக்குப் போகாமல் மானிட்டருக்குப் போகும், கேம் ஜன்னல் சின்னதாகத் திறக்கும். பத்துப் பேர் காத்திருக்கும்போது கீபோர்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. சின்னம்மா பையன் ஒருத்தன், "அண்ணா, உங்க பிசி நல்லா இருக்குதுங்க, ஆனா அது உங்களுக்கு மட்டும் தானுங்க" என்றான். சரியாகத்தான் சொன்னான்.

தனியாக விளையாடுகிற ஆள் என்றால் கதையே வேறு. வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி சுடுகிற கேம்கள் மவுஸில் விளையாடத்தான். வேலரண்ட் இப்போது பிஎஸ்5-லும் இருக்கிறது, ஆனால் கன்சோல்காரர்களைக் கன்சோல்காரர்களோடு மட்டும்தான் சேர்த்துவிடுவார்கள், பிசியில் இருக்கிற கூட்டாளிகளோடு சேர முடியாது. ஆகவே உங்கள் செட்டு எதில் விளையாடுகிறதோ அதை வாங்குங்கள், அவ்வளவுதான். பிசியில் வேலரண்டுக்கு ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்கிற இரண்டு பாதுகாப்பு வசதியும் ஆனாகியிருக்க வேண்டும், பழைய செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் விளையாட பிசியில் தனியாகக் காசு கிடையாது. பிஎஸ்5-ல் இலவச கேம்களைத் தவிர மற்றதை ஆன்லைனில் விளையாட பிஎஸ் பிளஸ் சந்தா வேண்டும், வருஷத்துக்குச் சில ஆயிரம். ஐந்து வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் அதைப் பெருக்கிப் பாருங்கள்.

அப்புறம் மோட், அதாவது விளையாடுகிறவர்களே கேமில் மாற்றிச் சேர்க்கிற சமாசாரம். திருச்செங்கோட்டில் என் மாமன் பையன் இருக்கிறான், போர்வெல் போடுகிற ரிக் வண்டித் தொழில். பகல் முழுக்க நிஜ வண்டியோடு கிடந்துவிட்டு ராத்திரி யூரோ டிரக் சிமுலேட்டர் 2-வில் லாரி ஓட்டுவான். 2012-ல் வந்த கேம் அது. அதில் நம்ம ஊர் பஸ், நம்ம ஊர் ஹாரன், முகப்புக் கண்ணாடி மேல் எழுதுகிற சாமி பெயர் வரைக்கும் மோடாகக் கிடைக்கிறது. இவன் தன் வண்டியின் பெயிண்டை அப்படியே போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர் டிசைன் போடுகிற ஒரு தம்பியிடம் கொடுத்து ஸ்கின்னாக மாற்றி, ஜெர்மனி ரோட்டில் தன் கம்பெனிப் பெயரோடு ஓட்டுகிறான். லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங் வேறு வாங்கி மேசையில் கிளாம்ப் போட்டு வைத்திருக்கிறான். அவனிடம் போய் கன்சோல் வாங்கச் சொன்னால் அடிக்க வருவான். நாங்கள் சின்ன வயசில் இஏ கிரிக்கெட் 07-ஐ விளையாடியதும் இப்படித்தான். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி கிரிக்கெட் பக்கமே வரவில்லை, ஐபிஎல் டீம், புது ஜெர்சி என்று பேட்ச் போட்டுப் போட்டு அதை ரொம்ப வருஷம் ஓட்டியது பசங்கதான்.

இனி காசு. பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் மாடல் 49,990, அப்புறம் 54,990 ஆனது. அதே அளவுக்குப் படம் காட்டுகிற பிசி, ரைசன் 5 5600 பிராசசர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு போட்டு, பழைய போர்டு, மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து எனக்கு 70 ஆயிரத்தை ஒட்டி வந்தது. 2020, 21-ல், கிராபிக்ஸ் கார்டை வைத்து கிரிப்டோ காயின் சம்பாதிக்கிற மைனிங்கால் கார்டு விலை தாறுமாறாக ஏறிக் கிடந்தபோது நான் கார்டு வாங்கவில்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் காயின் மைனிங் முடிந்த பிறகுதான் விலை தரைக்கு வந்தது. 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்காக ரேமெல்லாம் அந்தப் பக்கம் போக, ரேம் விலை மறுபடி ஏறிவிட்டது. பிசி விலை என்பது பருத்தி நூல் விலை மாதிரி ஏறி இறங்குகிற சாமான் என்பதைத் தெரிந்துகொண்டு நேரம் பார்த்து வாங்குங்கள். பாகம் பாகமாக மாற்றலாம் என்பது உண்மையிலேயே பிசியின் பலம். என் பழைய பி450 போர்டில் ரைசன் 5 2600 இருந்தது, பயோஸ் அப்டேட் போட்டு 5600-ஐ அதே போர்டில் மாட்டிவிட்டேன், ரேமும் கேபினெட்டும் அப்படியே. எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேபினெட்டோடு இலவசமாக வருவதைக் கழற்றி வீசிவிட்டு 80 பிளஸ் தரச்சான்று போட்ட 550 வாட் ஒன்று வாங்குங்கள்.

ஆரம்ப விலையில் கன்சோல் ஜெயிக்கும், கேம் விலையில் பிசி ஜெயிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். நம் ஊரில் அது பாதி உண்மை. பிசி கேம் விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீமில் ரூபாய் விலை இருக்கிறது, கோடைக்கும் குளிருக்கும் பெரிய தள்ளுபடி வரும், இரண்டு மூன்று வருஷம் பழைய கேமெல்லாம் சில நூறு ரூபாய்க்கு எடுக்கலாம். வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் காசைத் திருப்பியும் கொடுத்துவிடுகிறார்கள். எபிக் கடையில் வாரம் ஒன்று இலவசம், 2020 மே மாசம் ஜிடிஏ 5-ஐயே சும்மா கொடுத்தார்கள். இதெல்லாம் சரி. ஆனால் டிஸ்க் வாங்குகிறவன் கணக்கு இவர்களுக்குத் தெரியாது. புது கேம் 4,000, 5,000 என்று பயமுறுத்தும். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் டிஸ்க் கைமாற்றுகிற பசங்க நிறைய. நான் ஒரு டிஸ்க்கை 2,200-க்கு வாங்கி, முடித்துவிட்டு 1,900-க்குக் கொடுத்துவிடுவேன். ஒரு கேமுக்கு 300 ரூபாய். எங்கள் செட்டில் ஆளுக்கு ஒரு டிஸ்க் வாங்கிச் சுற்றில் விட்டுக்கொள்வதும் உண்டு. ஸ்டீமில் வாங்கியதை இப்படி விற்றுக் கைமாற்ற முடியாது. அதனால்தான் டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் எடிஷனை விலை குறைகிறதே என்று எடுக்காதீர்கள் என்று சொல்கிறேன். பிஎஸ்5 ஸ்லிம் மாடலில் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்றாலும், முதலிலேயே டிஸ்க் மாடலாக எடுத்துவிட்டால் தலைவலி இல்லை.

காத்திருக்க முடியாதவர்களுக்குக் கன்சோல். ராக்ஸ்டார் கம்பெனி கேம்கள் முதலில் கன்சோலுக்குத்தான் வரும், ஜிடிஏ 5 பிசிக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-வுக்கு ஒரு வருஷம், ஜிடிஏ 6-ம் அப்படித்தான் கன்சோலுக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். 2018-ல் பிஎஸ்4-ல் வந்த காட் ஆஃப் வார் பிசிக்கு வந்தது 2022-ல். வந்த பிறகும் பிசியில் முதல் நாளே வாங்காதீர்கள். தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் 2023 மார்ச்சில் பிசிக்கு வந்தபோது படம் வரைகிற ஷேடர் நிரல்கள் தயாராகவே நேரம் ஓடிப்போனது, கிராஷ் வேறு. சில மாச பேட்ச்சுக்குப் பிறகு எடுத்தால் விலையும் குறைந்திருக்கும். கன்சோலில் இந்தத் தொல்லை குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 பிஎஸ்4-ல் எப்படி வந்தது என்று நினைவிருக்கும், சோனியே தன் கடையிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த ஜூனில்தான் திரும்ப வைத்தது. நல்ல பிசியில் அதே கேம் அன்றைக்கே ஓடியது.

டவுன்லோடைப் பற்றி இரண்டு வரி. இப்போதைய பெரிய கேம் 100 ஜிபிக்குக் குறையாது. ஊருக்குள் கேபிள்காரர் இழுத்த ஃபைபரில் ராத்திரி போட்டால் காலையில் முடியும், காற்றடிக் காலத்தில் ஃபைபரே அறுந்து தொங்கும், டிஸ்க் இருந்தால் அன்றைக்கும் விளையாடலாம். முதலில் வந்த பிஎஸ்5 மாடலின் 825 ஜிபியில் நம் கைக்கு வருவது 667 சொச்சம், ஐந்தாறு கேமில் நிரம்பிவிடும்.

கடைசியாக, பழைய பிஎஸ்4 வாங்கித்தான் ஆரம்பிக்கப் போகிறேன் என்று கேட்கிற பசங்களுக்கு. தாராளமாக வாங்குங்கள், பணம் அதிகம் போடாமல் தெரிந்துகொள்ள அதுதான் வழி. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போங்கள், உள்ளே இழுக்கிறதா, படிக்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலர் குச்சியைத் தொடாமல் விட்டுவிட்டு மெனுவில் தானாக நகர்கிறதா என்று கவனியுங்கள், நகர்ந்தால் டிரிஃப்ட், விலையில் கழியுங்கள். வைஃபை சிக்னலைத் தானே தேடிச் சேர்கிறதா என்று உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பாருங்கள். விற்கிறவர் அக்கவுண்ட்டை எடுத்துவிட்டாரா என்று அங்கேயே உறுதி பண்ணிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கனமான கேம் ஒன்றைப் போட்டு அரைமணி நேரம் ஓடவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள், பின்னால் கை வைத்துச் சூட்டைப் பாருங்கள். தறியூரிலிருந்து வருகிற மெஷின் என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "அரைமணி நேரமெல்லாம் எதுக்குங்க, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்று விற்கிறவர் சொன்னால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.